அஞ்சைக்களத்துச் சேரமானும் பள்ளிவாசல் சேரமானும் ஒருவர்தானா?

ஆடிச்சுவாதி, கோவை:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக மனதில் கிடந்து உறுத்தும் கேள்வி இது. விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் ஆடி மாதம் சுவாதி நட்சத்திரத்துக்கு ஓர் அடியார் கூட்டத்தோடு கேரளத்துக் கொடுங்கல்லூரில் இருக்கும் திருவஞ்சைக்களம் போய் வருகிறேன். என் மாமியார் தொடங்கி வைத்த வழக்கம். அவர் மறைந்த பிறகும் நான் விடவில்லை. மலைநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலம் அது ஒன்றுதான். சுந்தரர் வெள்ளை யானை மேல் ஏறிக் கயிலைக்குப் புறப்பட்டார். அதை அறிந்த சேரமான் பெருமாள் குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதினார். குதிரை வானில் பாய்ந்து, யானையை வலம் வந்து, அதற்கு முன்னே சென்றது. நண்பனை விட்டுவிட்டு இருக்க முடியாமல் அரசையே விட்டுப் போனவர் அந்தச் சேரமான். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இந்த முறை தரிசனம் முடிந்து திரும்பும்போது நெடுஞ்சாலை ஓரத்தில் வேனை நிறுத்தி டீ குடித்தோம். அருகில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு கட்டடம். முதலில் பழைய கோயில் என்றுதான் நினைத்தேன். மலையாளப் பலகையை டிரைவர் படித்துச் சொன்னார்: சேரமான் ஜுமா மஸ்ஜித். இந்தியாவிலேயே முதல் பள்ளிவாசல் என்றும், 629ஆம் ஆண்டிலேயே கட்டியது என்றும், சேரமான் பெருமாள் என்ற ராஜா மக்காவுக்குப் போய் முஸ்லிம் ஆனதால் அந்தப் பெயர் என்றும் சொன்னார்.

எனக்குக் கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றுவிட்டது. நான் அறிந்த சேரமான் கயிலைக்குப் போனவர். டிரைவர் சொன்ன சேரமான் கப்பல் ஏறி மக்காவுக்குப் போனவர். ஊர் ஒன்று, பெயர் ஒன்று, இருவருமே அரசைத் துறந்து போனவர்கள், இருவருமே திரும்பி வராதவர்கள். இருவரும் ஒருவர்தானா? 629 என்பது உண்மையா? கூட வந்த ஒருவர், “இதையெல்லாம் கேட்டு வம்பை விலைக்கு வாங்காதீர்கள்” என்று அடக்கினார். வம்புக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இளம்பிறை:

அம்மா, இதில் ஐயப்பட ஒன்றுமே இல்லை. எங்கள் ஊரில் நபிகளார் பிறந்த ரபீஉல் அவ்வல் மாத மேடைகளில் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த வரலாறு இது. சேரமான் பெருமாள் ஒருநாள் இரவு அரண்மனை மாடத்தில் உலாவும்போது நிலவு இரண்டாகப் பிளந்து மீண்டும் ஒன்று சேர்வதைக் கண்டார். சோதிடர்களால் விளக்கம் சொல்ல முடியவில்லை. பின்னர் இலங்கையில் இருக்கும் பாவாத மலைக்கு, அதாவது ஆதம் மலைக்கு, பயணம் போகும் அரபியர் சிலர் கொடுங்கல்லூரில் இறங்கினார்கள். அது நபிகளார் நிகழ்த்திய அற்புதம் என்று அவர்கள்தான் சொன்னார்கள். உடனே நாட்டைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு அவர்களோடு கப்பல் ஏறினார். நபிகளாரைச் சந்தித்து இஸ்லாத்தை ஏற்றார். திரும்பும் வழியில் நோயுற்று இறக்கும் தறுவாயில், நாட்டில் இருக்கும் சிற்றரசர்களுக்குக் கடிதம் எழுதி மாலிக் தீனார் கையில் கொடுத்தார். அந்தக் கடிதத்தோடு வந்தவர்கள் கட்டிய முதல் பள்ளிவாசல்தான் நீங்கள் பார்த்தது.

2016இல் நம் பிரதமர் சவூதி அரேபியா சென்றபோது இந்தப் பள்ளிவாசலின் பொன் முலாம் பூசிய மாதிரியைத்தான் மன்னர் சல்மானுக்குப் பரிசாகக் கொடுத்தார். நபிகளார் உயிரோடு இருந்த காலத்திலேயே நம் மண்ணில் எழுந்த பள்ளி என்பது நம் எல்லோருக்கும் பெருமை.

உடுமலை ராவுத்தர்:

அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. கேட்கக் கூடாத கேள்வி இல்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் மார்க்க அறிஞர், ஆலிம் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டுப் பதிலும் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு வருகிறேன்.

நான் உடுமலைப்பேட்டைக்காரன். ஓமான் நாட்டில் சலாலாவில் பதினோர் ஆண்டுகள் கட்டுமானச் சாமான் கடை ஒன்றில் கணக்கு எழுதினேன். மகளைக் கொடுத்திருப்பது கொடுங்கல்லூரில். ராஜா புறப்பட்டதாகச் சொல்லும் கரை, அவர் அடங்கியிருப்பதாகச் சொல்லும் கரை என்று இந்தக் கதையின் இரண்டு கரைகளிலும் நான் நின்றிருக்கிறேன்.

சலாலாவின் பழைய பெயர் ழஃபார். அந்த வட்டாரத்துக்கே இன்றும் அதுதான் பெயர். அரபு நாடு என்றால் மணலும் வெயிலும் என்றுதான் நினைத்துப் போனேன். ஜூன் மாதம் பிறந்ததும் கடலிலிருந்து மேகம் ஏறி வந்து தூறல் போடத் தொடங்கியது. மலையெல்லாம் பச்சை. சாலை ஓரத்தில் இளநீரும் வாழைக் குலையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அங்கே சேரமான் பெருமாளின் கல்லறை என்று ஒன்றைக் காட்டுவார்கள். மலையாளிகள் வெள்ளிக்கிழமைகளில் கூட்டமாக வருவார்கள். ஊரை விட்டு வந்து இரண்டு ஆண்டுகள் திரும்பாதிருந்த நான், ஊரை விட்டு வந்து திரும்பவே முடியாமல் போன ஒருவருக்கு அங்கே ஃபாத்திஹா ஓதினேன். அது யாருடைய கல்லறை என்று அப்போது ஆராயத் தோன்றவில்லை.

ஆனால் தம்பி இளம்பிறை சொன்ன 629 பற்றி மனதார ஒன்று சொல்ல வேண்டும். நானும் அந்த மேடைப் பேச்சுகளைக் கேட்டு அழுதவன்தான். மாலிக் தீனார் என்று வரலாற்று ஏடுகள் அறிந்தவர் பஸ்ரா நகரத்துப் பெரியவர். அவர் நபித்தோழர் அல்லர், அவர்களுக்கு அடுத்த தலைமுறை. இறந்தது 748ஆம் ஆண்டை ஒட்டி. 629இல் கடிதம் கொண்டு வந்தவர் அவராக இருந்தால், அதன் பிறகு இன்னும் நூற்றிருபது ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். கணக்கு எழுதிப் பிழைத்த எனக்கு இந்தக் கணக்கு உதைக்கிறது.

இப்போது அந்த ஆலிம். பொன்னானியைச் சேர்ந்த ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம். 16ஆம் நூற்றாண்டில், போர்த்துக்கீசியர் மலபார்க் கரையைச் சூறையாடிக்கொண்டிருந்த காலத்தில், அரபியில் ஒரு வரலாறு எழுதினார். மலபாரில் இஸ்லாம் வந்த கதையாக இந்த ராஜாவின் கதையைத்தான் சொல்கிறார். பாவாத மலை, கப்பல், நோய், கடிதம் எல்லாம் அதில் உண்டு. பிறகு அவரே நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார்: இது நபிகளார் காலத்தில் நடந்தது என்று மக்கள் நம்புகிறார்கள், அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை, ஹிஜ்ரி 200க்குப் பிறகு நடந்திருக்கலாம் என்பதே பொருத்தம். ஹிஜ்ரி 200 என்றால் கிட்டத்தட்ட 816. தம்பி, அவரைவிட இந்தப் பள்ளிகள் மேல் பற்றுள்ளவர் யார்? அவருக்கே அந்தத் துணிவு இருந்தது.

அம்மா, உங்களுக்காகவே அவர் எழுதி வைத்தது போன்ற ஒன்றும் அதே இடத்தில் இருக்கிறது. மலபாரில் இருக்கும் இந்துக்களோ அந்த ராஜா வானுலகுக்கு உயர்த்தப்பட்டார் என்று நம்புகிறார்கள், அவர் மீண்டும் இறங்கி வருவார் என்று காத்திருக்கிறார்கள், அதனால் கொடுங்கல்லூரில் ஓரிடத்தில் மரச்செருப்பும் தண்ணீரும் எடுத்து வைக்கிறார்கள், ஆண்டில் ஓர் இரவு அந்த இடத்தை அலங்கரிக்கிறார்கள் என்று குறிப்பிடுகிறார்.

இதை முதலில் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் அத்தா வெளியூர் போனால் அம்மா திண்ணையில் செம்பில் தண்ணீர் வைப்பார். வந்தவர் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார். அதே தண்ணீர்தானே இது? போனவர் நடந்து வந்து அலுத்திருப்பார், கால் கழுவத் தண்ணீர் வேண்டும், போட்டுக்கொள்ளச் செருப்பு வேண்டும். நீங்கள் டீக்கடையில் கேட்ட கேள்வி 16ஆம் நூற்றாண்டிலும் அந்த ஊர்த் தெருவில் இருந்திருக்கிறது. ஒரு பக்கம் கயிலை, ஒரு பக்கம் மக்கா என்று இரண்டையும் அறிந்தே அந்த ஊர் வாழ்ந்திருக்கிறது.

கட்டடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோயில் என்று நினைத்ததாகச் சொன்னீர்களே, அப்படித்தான் இருக்க வேண்டும். மலையாள நாட்டின் பழைய பள்ளிகள் எல்லாமே தச்சன் கட்டிய மர வேலை, சரிந்த ஓட்டுக் கூரை, பக்கத்தில் குளம். கோயிலுக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒரே தச்சன்தானே. குவிமாடமும் மினாராவும் பிற்பாடு வந்தவை. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை கொட்டும் நாட்டில் மர உத்தரங்கள் ஆயிரம் ஆண்டு நிற்காது. போதாக்குறைக்கு 1504இல் போர்த்துக்கீசியர் கொடுங்கல்லூரைத் தாக்கிக் கொளுத்தினார்கள். ஆகவே இன்று நிற்கும் சுவர் எது எந்தக் காலம் என்பது வேறு, அந்த இடத்தில் பள்ளி எப்போதிலிருந்து இருக்கிறது என்பது வேறு. 629 என்று பேசும்போது இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

1998இல் சம்பந்தம் பேசப் போனபோது நான் பார்த்தது இந்தக் கட்டடத்தை அல்ல. தொழ வருபவர் கூட்டம் பெருகிவிட்டது என்று 1974இல் பழைய முன்பகுதியை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டியிருந்தார்கள். பின்னாளில் இன்னும் சேர்த்தார்கள். வெளியே நின்று பார்த்தால் எந்த ஊர்ப் பள்ளிக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. பழைய உட்பள்ளி மட்டும் நடுவே தப்பித்துக் கிடந்தது. அதற்குள் நுழைந்தால் திடீரென்று குளுமையாக இருக்கும். கருமருது போலக் கறுத்த ஈட்டி மரத்தில் செதுக்கிய மிம்பர் என்ற உரை மேடை, அதில் பூ வேலை. அருகில் சிறு அறையில் ஹபீப் இப்னு மாலிக், அவர் மனைவி குமரிய்யா என்று இரண்டு கபுறுகள், அதாவது கல்லறைகள். உத்தரத்திலிருந்து தொங்கும் பித்தளை விளக்கு.

அந்த விளக்கைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். எண்ணெய் விளக்கு. மின்சாரம் வந்து இத்தனை காலம் ஆகியும் அணைப்பதில்லை. பிள்ளை பிறந்தால், பரீட்சை என்றால், வீட்டில் நோய் என்றால் எல்லா மதத்தாரும் எண்ணெய் கொண்டு வந்து கொடுப்பார்கள். என் மகளுக்குத் தலைப்பிரசவத்தில் சிக்கல் ஆகி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சம்பந்தி வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு நாயர் பாட்டி. விடிந்ததும் ஈரத் தலையோடு ஒரு குப்பியில் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “எனக்கு முழங்கால் வலி, நீங்கள் கொண்டு போய்ப் பள்ளியில் கொடுங்கள்” என்றார். கொண்டு போனேன். அங்கே இருந்த பெரியவர் வாங்கி, யார் எவர் என்று கேட்கவில்லை, விளக்கில் ஊற்றிவிட்டுக் குப்பியைத் துடைத்துத் திருப்பித் தந்தார். குப்பியின் அடியில் ஒட்டியிருந்த நாலு சொட்டைப் பாட்டி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு, பிறகு என் பேரனின் உச்சியில் தடவினார். அவனுக்கு இப்போது இருபத்திரண்டு வயது.

பின்னாளில் கேரள அரசின் முசிறிப் பாரம்பரியத் திட்டத்தின் கீழ் கான்கிரீட் சேர்க்கைகளை எடுத்துவிட்டு, 1905இல் எடுத்த ஒரு பழைய புகைப்படத்தை வைத்துக்கொண்டு பள்ளியைப் பழைய உருவுக்குக் கொண்டு வந்தார்கள். கூட்டத்துக்கு இடம் வேண்டுமே, அதற்குப் பூமிக்கு அடியில் தொழுகைக் கூடம். ஒரு ஜமாஅத் தான் கட்டியதைத் தானே இடிக்கச் சம்மதிப்பது எளிய காரியம் இல்லை. எங்கள் ஊர்களில் பழைய கல் தூண் பள்ளிகளைப் பெயர்த்தெடுத்து டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் ஒரு தடவை கொடுங்கல்லூர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வட்டெழுத்து மாணவி:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டுச் சில விவரங்கள் சேர்க்கிறேன். கல்வெட்டியல் படிப்பவள்.

முதலில் அம்மா கேட்ட நேரடிக் கேள்விக்கு: ஒருவர் அல்லர் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுவது. சேரமான் பெருமாள் என்பது ஒரு தனி மனிதரின் பெயர் இல்லை. கொடுங்கல்லூரில் இருந்து ஆண்ட சேர மன்னர்கள் எல்லோருக்கும் வழங்கிய பட்டம். வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன் கயிலைக்குப் போன உங்கள் சேரமான் பெருமாள் நாயனாரை 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட ராஜசேகரன் என்று அடையாளம் காண்கிறார். மக்கா போனதாகச் சொல்லப்படுபவர், அப்படி ஒருவர் போயிருந்தால், கடைசிப் பெருமாளான இராம குலசேகரனாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. அவன் ஆட்சி 1122ஐ ஒட்டி முடிகிறது. அவனுக்குப் பிறகு பெருமாள் என்று யாரும் இல்லை, நாடு துண்டு துண்டாகிறது. கண்ணூர்ப் பக்கம் மாடாயிப் பள்ளிவாசலில் இருக்கும் அரபிக் கல்வெட்டு ஹிஜ்ரி 518, அதாவது 1124. இரண்டு ஆண்டும் இவ்வளவு நெருங்கி வருவதுதான் அந்தக் கருத்துக்கு வலு. எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு என்று சொல்ல மாட்டேன். நாட்டைப் பங்கிட்ட கதை அதற்கு வெகு காலத்துக்குப் பிறகு எழுந்த ‘கேரளோற்பத்தி’ என்ற மலையாள நூலில்தான் விரிவாக வருகிறது.

அம்மா, ராஜசேகரன் உங்கள் நாயனார்தான் என்று ஆய்வாளர்கள் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது உங்களுக்குப் பிடிக்கும். அவன் காலத்துச் செப்பேடு ஒன்று வாழப்பள்ளியில் கிடைத்தது. செப்பேடுகள் பெரும்பாலும் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்று மங்கலம் சொல்லித் தொடங்குவதே வழக்கம். அது ‘நமச்சிவாய’ என்று தொடங்குகிறது. குதிரையின் காதில் ஓதிய அதே ஐந்தெழுத்து. வட்டெழுத்தில் அதை முதன்முறை எழுத்துக் கூட்டிப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. கோயில் பூசையைத் தடுப்பவருக்குத் தண்டமாக அந்தச் செப்பேடு விதிப்பது நூறு தினாரம். மேற்கே இருந்து கடல் வழியாக வந்த காசின் பெயர் ஒரு சிவபக்தன் செப்பேட்டில் இருக்கிறது.

இரண்டாவது, 629 பற்றி. அந்த ஆண்டை உறுதிப்படுத்தும் கல்வெட்டோ செப்பேடோ கையில் இல்லை. ஆனால் ‘ஆதாரம் இல்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்து போவதும் நியாயம் ஆகாது. கொல்லத்தில் 849ஆம் ஆண்டு, தாணு இரவி என்ற சேர மன்னனின் காலத்தில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் ஒரு கிறித்தவக் கோயிலுக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்த செப்பேடு இருக்கிறது. தரிசாப்பள்ளிச் செப்பேடு என்பார்கள். கொடை விவரம் முழுவதும் வட்டெழுத்து. கடைசி ஏட்டில் சாட்சிக் கையெழுத்துகள். அங்கே வந்ததும் எழுத்தே மாறுகிறது. அரபியின் கூஃபி எழுத்தில் சிலர், பாரசீகத்தின் பஹ்லவியில் சிலர், எபிரேய எழுத்தில் சிலர். கூஃபியில் இருக்கும் பெயர்களில் மைமூன் இப்னு இப்ராஹீம், ஸாலிஹ் இப்னு அலீ என்று படிக்கிறோம். எழுத்தாணி பிடித்த கைகள் செம்பில் கீறிய கோடுகள். நம் எழுத்துக்குப் பக்கத்தில் அவர்கள் எழுத்து. ஒரு கிறித்தவக் கோயிலின் கொடைக்கு முஸ்லிம் வணிகர்கள் சாட்சி நிற்கும் அளவுக்கு 849இல் அவர்கள் அங்கே ஊன்றிவிட்டார்கள் என்றால், அதற்குச் சில தலைமுறைகளாவது முன்பே வந்திருக்க வேண்டும். துறைமுகத்தில் ஊன்றியவர்கள் தொழ ஓர் இடம் வைத்துக்கொள்ளாமல் இருந்திருப்பார்களா?

கொடுங்கல்லூரின் பழைய பெயரே ஒரு செப்பேட்டில் வருகிறது. கி.பி. 1000ஐ ஒட்டி மன்னன் பாஸ்கர ரவி ‘முயிரிக்கோட்டில்’ இருந்தபோது ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கினான். முயிரிக்கோடு என்பது சங்கப் பாடல்கள் சொல்லும் முசிறிதான். மிளகுக்குப் பொன் கொடுத்து வாங்கிப் போன யவனர் கப்பல் வந்த துறை. வந்தவர் எவராக இருந்தாலும் இடம் கொடுத்து எழுதியும் கொடுத்த ஊர் அது.

இன்னொன்று, ‘பள்ளி’ என்ற சொல். நம் கல்வெட்டுகளில் அது முதலில் சமண, பௌத்தத் துறவிகள் தங்கும் இடம். கொல்லத்துச் செப்பேட்டில் கிறித்தவக் கோயில். பிறகு முஸ்லிம்களின் தொழுமிடம். தமிழ்நாட்டில் பிள்ளைகள் படிக்கும் இடமும் அதுதான். பள்ளிவாசல் நிற்கும் மேத்தலை என்ற ஊர்ப் பெயர் ‘மேல்தளி’ என்பதன் திரிபு என்பார்கள். கற்கோயிலைக் கற்றளி என்கிறோமே, அந்தத் தளி.

இளம்பிறை:

மாணவி சகோதரிக்கும் பெரியவருக்கும் நன்றி. மக்தூம் அவர்களே அப்படி எழுதியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. வருத்தமாக இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். இரவு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். 849இல் செம்பில் கையெழுத்துப் போட்ட மைமூன் இப்னு இப்ராஹீமின் பெயர் எனக்கு இதுவரை எந்த மேடையிலும் யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்த மீலாது மேடையில் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் அந்தப் பெயரைச் சொல்வேன்.

ஆடிச்சுவாதி, கோவை:

இவ்வளவு பதில்கள் வரும் என்று நினைக்கவில்லை. ராவுத்தர் அண்ணா, மரச்செருப்பும் தண்ணீரும் பற்றி எழுதியிருந்ததை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே என்னால் முடியவில்லை, அவர்தான் வாங்கிப் படித்தார். தங்கச்சி மாதிரி உரிமையோடு அண்ணா என்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

மாணவிக்கு: நமச்சிவாய என்று தொடங்கும் செப்பேடு பற்றி எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

நீங்கள் எல்லோரும் சொன்ன பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. சுந்தரர் கயிலைக்குப் போகும் வழியில் யானை மேல் இருந்தே ‘தானெனை முன்படைத்தான்’ என்ற பதிகம் பாடினார். அவர் திரும்பவில்லை. ஆனால் அந்தப் பதிகம் ஊருக்கு வந்து சேர வேண்டுமே. கடலரசனிடம் கொடுத்து, அஞ்சைக்களத்தில் சேர்ப்பிக்கச் சொன்னார் என்பது எங்கள் வரலாறு. சிறு வயதில் இருந்து கேட்கிறேன், கடலுக்கு ஏன் கொடுத்தார் என்று நான் யோசித்ததே இல்லை. உங்கள் கதையிலும் ராஜா திரும்பவில்லை. கடிதம் வந்தது. அதுவும் கடல் வழியாகத்தான் வந்தது.

அண்ணா, ஒரு கேள்வி. அந்த விளக்குக்கு நானும் எண்ணெய் கொடுக்கலாமா? கோயிலுக்கு நாங்கள் நல்லெண்ணெய் கொண்டு போவோம். அங்கே எது வழக்கம்?

உடுமலை ராவுத்தர்:

தங்கச்சி, தாராளமாகக் கொடுக்கலாம். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு நான் சலாலாவின் கடற்கரையில் நின்ற சாயங்காலங்களை நினைத்துக்கொண்டேன். அங்கே நின்று கிழக்கே பார்த்தால் தண்ணீர்தான் தெரியும். அப்போதெல்லாம் வீட்டுக்குக் கடிதம் போட்டால் போய்ச் சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். பதிகம் வந்த கடலும் கடிதம் வந்த கடலும் அதுவேதான் என்று எழுபது வயதில் எனக்கு நீங்கள் காட்ட வேண்டியிருந்தது.

எண்ணெய் பற்றி: மகளிடம் போனில் கேட்டேன். அந்த ஊர் தேங்காய் எண்ணெய் ஊர், பெரும்பாலும் அதுதான் வருகிறது, நல்லெண்ணெய் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள் என்றாள். அஞ்சைக்களத்துக்கு எடுக்கும் நல்லெண்ணெயிலேயே ஒரு சிறு குப்பி தனியாக எடுத்து வையுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், பாலக்காட்டுச் சாலையில் வேன் குலுக்கும். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வேண்டாம், ஜும்ஆ நேரத்தில் கூட்டம் நெரியும். மற்ற நாள்களில் காலையில் போனால் நிதானமாகப் பார்க்கலாம், முதலில் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

வருவதற்கு ஒரு நாள் முன்பு இங்கே எழுதுங்கள். மகள் வந்து வாசலில் நிற்பாள். பேரன் அவளோடு வருவான்.